உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடியும் ஒருவகை லேசருக்குச் சுவர்தான்!

நமக்குப் பளிச்சென்று மறுபக்கம் காட்டும் கண்ணாடியை, கார்பன் டை ஆக்சைடு லேசரால் ஊடுருவவே முடியாது! ஒளி மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டு, அந்த இடம் சூடேறி நுண்விரிசல் விடுகிறது. லேசரால் பொறித்த கண்ணாடிப் பரிசுக் கோப்பையில் வெள்ளையாகத் தெரியும் பெயர் அந்த விரிசல்களின் கூட்டம்தான். விரலால் தடவினால் சொரசொரக்கும்.

• இந்த லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இதை உருவாக்கியவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல்.

• நீல டையோடு லேசர் நேரெதிர். நிறமற்ற கண்ணாடி, அக்ரிலிக் இரண்டையும் கடந்துபோய்விடும். ஆகவே நிறமற்ற அக்ரிலிக் மூடி இதற்குக் காப்பே அல்ல. நீல லேசரின் அலைநீளத்துக்கென்றே செய்த பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி கட்டாயம்.

• அக்ரிலிக்கிலும் இரண்டு ரகம். வார்ப்பு ஷீட்டில் எழுத்து வெண்பனிபோல் பூக்கும். உருளையில் இழுத்த ஷீட்டில் மங்கலாகத்தான் விழும். பெயர்ப்பலகைக்கு வார்ப்பு ரகமே சரி.

• பி.வி.சி.யையும் அது பூசிய ரெக்சினையும் லேசரில் வைக்கவே கூடாது. வெளிவரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்; இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். பி.வி.சி.யோ என்று சந்தேகமா? செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, காற்றோட்டமான இடத்தில் மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கலாம். அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள்.