குறி தப்பினால் கையை மட்டும் நோகாதீர்

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்பது நம் முன்னோர் மொழி. அது நியாயமான மொழியே. ஆயினும் அதையே பற்றிக்கொண்டு, அம்பில் இருந்த குற்றத்தை எய்தவன் தலையில் சுமத்திய தந்தை ஒருவன் உண்டு. அவன் வேறு யாருமல்லன். இவ்வரிகளை எழுதும் அடியேனே.

கடலூரில் பிறந்து, குஜராத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அது தனிப் பெருமை அன்றோ! அச்செய்தியை எங்கோ படித்த என் மகன், பன்னிரண்டு வயதுப் பாலகன், தனக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி வேண்டும் என்று ஓராண்டு காலம் கேட்டு வந்தான். 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. ஆகவே என் பெயரில் சுருள்வில் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். பின்னர் இரண்டு மாதம் சிறுகச் சேர்த்து, அதன்மேல் பொருத்த ஒரு ஸ்கோப்பும் வாங்கினேன். விலை மலிவு, பளபளப்போ அதிகம்.

தளிச் சாலையில் உறவினர் ஒருவருக்குத் தோப்பு உண்டு. அங்கே உயர்ந்த மண்மேட்டின் முன் அட்டையை வைத்து, ஞாயிறு தோறும் பயிற்சி நடந்தது. முதல் வாரம் குண்டுகள் ஒரே இடத்தில் விழுந்தன. மூன்றாம் வாரம் ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று அட்டைக்கே வெளியே. “மூச்சை அடக்கு, கையை ஆட்டாதே” என்று கடிந்தேன். ஐந்தாம் வாரம் அவன், “எனக்கு இது வராதுப்பா, வித்துடுங்க” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுத்த வீட்டு அண்ணன் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அவர் ஸ்கோப்பைக் கழற்றிக் காதருகே வைத்து மெல்லக் குலுக்கினார். உள்ளே ‘கிடுகிடு’ என்றது. உட்குழலே தளர்ந்து, குறுக்குக் கோடுகள் வெடிக்கு வெடி இடம் மாறியிருக்கின்றன. “பையன் கை சரியாத்தான் இருக்கு, தம்பி. கண்ணாடிதான் ஆடுது” என்றார். எனக்கு வெட்கமாயிற்று.

இது ஏன் நேர்ந்தது? பார்சல் அலுவலகத்தில் பணிபுரிபவன் ஆதலால், எனக்குத் தெரிந்த உவமையால் சொல்கிறேன். வண்டி இழுபடும்போது பெட்டிக்குள் இருக்கும் சரக்கு பின்னே சாயும். வண்டி மோதி நிற்கும்போது முன்னே பாயும். கண்ணாடிச் சாமானுக்கு ஒரு பக்கம் மட்டும் வைக்கோல் வைத்தவன், மறுபக்க அதிர்ச்சியில் அதை இழப்பான். சுருள்வில் துப்பாக்கியின் செய்தியும் இதுவே. விசையை அழுத்தியதும் சுருள்வில் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. துப்பாக்கி பின்னே உதைக்கிறது. மறுகணமே பிஸ்டன் குழாயின் முனையில் அடைபட்டு நிற்கிறது. துப்பாக்கி முன்னே துள்ளுகிறது. கண்ணிமைக்கும் நேரத்திற்குள் இரண்டு உதைகள்! வெடிமருந்துத் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்புகள் பின்னுதையை மட்டும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. விலையுயர்ந்ததாயினும் இந்த முன்துள்ளலில் அவை சிதைவதுண்டு.

ஆகவே வாங்கப் புகுவோர் கவனிக்க வேண்டியவை சில. முதலாவது, ‘சுருள்வில் காற்றுத் துப்பாக்கிக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளரே எழுத்தில் உறுதி தந்திருக்க வேண்டும். கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. இரண்டாவது, குறுக்குக் கோடு மெல்லிய கம்பியாக இராமல், கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டதாக இருத்தல் நலம். மூன்றாவது, எடை குறைந்ததும் எளியதுமே நீடிக்கும். கனம் கூடக் கூட மவுண்டின் மேல் இழுப்பும் கூடும். தொடக்கத்திற்கு நான்கு மடங்கு பெருக்கம் தாராளம். நான்காவது, 10 மீட்டர் அளவிலும் உருவம் தெளியும்படி திருத்தும் வசதி வேண்டும். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கெஜத் தூரத்திற்கென்று அமைந்தவை. அருகில் உருவம் மங்கும், கண் சற்று நகர்ந்தாலும் குறி நகரும்.

மவுண்ட் எனும் பிடிப்பான் இதனினும் முக்கியம். பல காற்றுத் துப்பாக்கிகளின் மேல் ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் அகலத்தில், இருபுறமும் சரிவாகச் செதுக்கிய பாதை இருக்கும். அதற்குப் பொருந்துவதையே வாங்குக. முன்துள்ளலின்போது துப்பாக்கி முன்னே ஓட, ஸ்கோப் பின்னே நழுவப் பார்க்கும். இதைத் தடுக்க, மவுண்டின் அடியில் நிறுத்தும் முளை ஒன்று இருந்து, துப்பாக்கியின் மேலுள்ள துளையில் அமர வேண்டும். ஒரே துண்டாக அமைந்த மவுண்ட் சிறந்தது. இரு துண்டாயின் முளை உடையதைப் பின்புறம் வைக்க வேண்டும். வளையமும் ஸ்கோப்பின் குழல் அளவுக்கு, அதாவது 25.4 அல்லது 30 மில்லிமீட்டருக்கு, ஒத்திருத்தல் வேண்டும். பொருத்துமுன் பாதையிலுள்ள எண்ணெயைத் துடைத்து, திருகாணிகளை மாறி மாறிச் சமமாக முடுக்குக. மிகையாக முடுக்கினால் குழல் நசுங்கும்.

பொருத்தியபின் மவுண்டின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு கிழியுங்கள். முப்பது குண்டு சுட்டபின் கோடு விலகியிருந்தால் பிடிப்பு நழுவுகிறது என்று அறியலாம். குண்டு இல்லாமல் வெறுமனே விசையை அழுத்தலாகாது. பிஸ்டன் கடுமையாக மோதி யாவும் கெடும். குறி தப்பினால் முதலில் கட்டையின் திருகாணிகளைச் சோதித்து, பின் ஸ்கோப்பைக் கழற்றிச் சாதாரண முனைக்குறியால் சுட்டுப் பாருங்கள். அப்போது குண்டுகள் ஒன்றுகூடினால் குற்றம் ஸ்கோப்பிலோ மவுண்டிலோதான்; அப்போதும் சிதறினால், துப்பாக்கியை இறுகப் பற்றாமல் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தளர்வாய்ப் பிடிக்கப் பழக வேண்டும்.

ஒன்று மறவாதீர். 1984-ஆம் ஆண்டு முதல் ஒலிம்பிக்கில் நடைபெறும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை. 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவும், 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்ற, சென்னையில் பிறந்த ககன் நாரங்கும், சிறுதுளைக் குறி வழியாகவே, அரை மில்லிமீட்டர் அளவேயான நடுப்புள்ளியை நோக்கிச் சுட்டவர்கள். போட்டியை நாடும் பிள்ளைக்கு ஸ்கோப் வாங்கும் பணத்தை முறையான பயிற்சிக்குச் செலவிடுதல் மேல். பறவைகளை நோக்கி ஒரு குண்டும் போகலாகாது. பெரியவர் துணையின்றிப் பிள்ளைகள் அதைத் தொடவும் கூடாது.

அன்றிரவே மகனை அழைத்து, “தப்பு உன்மேல் இல்லை, அப்பாதான் பார்க்காமல் திட்டிவிட்டேன்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறு ஞாயிறு விடியுமுன்னே எழுந்து, “தோப்புக்குப் போகலாமாப்பா?” என்று வந்து நின்றான். ஸ்கோப் இல்லாமலே சுட்டான். ஐந்து குண்டுகளும் ஓர் எட்டணா நாணயம் மறைக்கும் அளவில் விழுந்தன. அந்த அட்டை இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.