தலைகீழாக நிற்கும் மீன் தொட்டி

செம்பொன்றைக் குளத்து நீருள் முழுதும் அமிழ்த்திக் கவிழ்த்தபடி மெல்லத் தூக்கினால், அதன் வாய் நீரைவிட்டு அகலாத வரையில் உள்ளிருக்கும் நீர் இறங்குவதில்லை. உத்திரமேரூரில் யாம் சிறுவராய் விளையாடி யறிந்த இதுவே, இந்நாளில் சிலர் தம் இல்லங்களில் அமைக்கும் விந்தையான மீன் தொட்டிக்கு அடிப்படையாம். அகன்ற தொட்டியின் நடுவே கண்ணாடிப் பெட்டி யொன்று சிறு கால்களின்மீது கவிழ்ந்து நிற்கும். அதனுள் நீர், புறநீர் மட்டத்திற்கு மேலே ஓங்கி நிற்க, மீன்கள் அவ்வுயரத்திற்கு ஏறி உலவும்.

அந்நீரைத் தாங்குவது, புறத்தே தொட்டி நீரின்மேல் அழுந்தும் காற்றேயாம். இத்தாலியராகிய தாரிசெல்லி 1644இல் ஒரு கடிதத்தில் விளக்கிய உண்மை இது. கடல்மட்டத்தில் காற்று ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீரைத் தாங்க வல்லது. 40 சென்டிமீட்டர் அதற்கு ஒரு பொருட்டன்று. கீழ்நீர் வற்றிப் பெட்டியின் விளிம்பு வெளிப்படுமாயின், ஒரு குமிழி உட்புக, அதற்கீடாகச் சிறிது நீர் இறங்கி விளிம்பை மீண்டும் மூடும். கோழிக்குஞ்சுகளுக்கு நீர் வைக்கும் கவிழ்ந்த குப்பியில் நாள்தோறும் நிகழ்வதும் இதுவே.

எனினும் இடர்கள் உள. பெட்டியின் நீர் காற்றைத் தொடாமையால் பிராணவாயு அங்கே நேரே கரைவதில்லை; கீழ்நீரை மேலே செலுத்தும் சிறு பம்பு இன்றேல் மீன்கள் நலிவுறும். உச்சியில் அழுத்தம் நூற்றுக்கு நான்கு பங்கு குறைதலின், கரைந்த வாயு பிரிந்து அங்கே தங்கும். அதனை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்தல் வேண்டும். இவற்றினும் பெரிய இடர் உச்சியில் விரிசல் காணுதல். 25 சென்டிமீட்டர் நீளமும் 20 அகலமும் உடைய பெட்டியில், 40 உயரத்திற்கு 20 லிட்டர் நீர் நிற்கும். அது முழுதும் சரிந்தால், 60க்கு 30 அளவுள்ள தொட்டியில் மட்டம் 11 சென்டிமீட்டர் உயரும். அவ்வளவு இடம் விடாதார் வீட்டில் வெள்ளமே! முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் எம்மூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் கூறுகின்றன. ஏரி காப்போர் கலங்கலை மறவார். தொட்டி அமைப்போரோ மறந்துவிடுகின்றனர்.

யாம் மிக வியந்தது வேறொன்று. நீரைக் காற்றே தாங்குதலின் பெட்டிக்குப் பாரமில்லை என்று எண்ணத் தோன்றும். உண்மை அஃதன்று. பெட்டியின் மேற்கண்ணாடியைப் புறக்காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. உள்ளிருந்து மேல்நோக்கும் அழுத்தமோ குறைவு. அவ்வேறுபாட்டைக் கணக்கிட்டால் சரியாக 20 கிலோகிராம் வரும். அதாவது உள்ளிருக்கும் நீரின் எடையே. அவ்வெடை முழுவதும் பெட்டியின் கால்களையே சேர்தலின், கால்கள் அதனைத் தாங்கும் உறுதியுடையனவாதல் வேண்டும்.