சிறுநீர்ப்பைக்கு மாத்திரை போட்டா வாய் ஏன் வறளுது?

இன்னைக்குப் பேசப்போற விஷயத்தை நம்ம வீடுகள்ல யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. பஸ் பயணம்னா அம்மா காலைலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. கல்யாண மண்டபத்துல நுழைஞ்சதும் பாட்டி முதல்ல பாத்ரூம் எங்கேன்னுதான் தேடுவாங்க. “வயசாயிடுச்சு, அப்படித்தான்”னு விட்டுடுறோம்.

சிறுநீர்த் தொற்றோ சர்க்கரையோ காரணமா இல்லாம, அடக்க முடியாத அவசரம் திடீர்னு வருது, அடிக்கடி போகவேண்டியிருக்கு, ராத்திரியும் எழவேண்டியிருக்குன்னா அதுக்கு ஒரு பேர் உண்டு: ஓவர்ஆக்டிவ் பிளாடர். சின்ன வயசுக்காரங்களுக்கும் இது வரும்.

உள்ளே என்ன நடக்குது? சிறுநீர்ப்பை ஒரு தசைப் பை. பெரியவங்களுக்குச் சுமார் 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். நிரம்புற வரைக்கும் தசை தளர்வா இருக்கணும். காலி பண்ணவேண்டிய நேரத்துல, நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின்ங்கிற ரசாயனம் வெளியே வரும். தசையில இருக்கிற மஸ்கரினிக் ரிசெப்டார்ங்கிற பூட்டுல அது சாவி மாதிரி பொருந்தினதும் தசை சுருங்கும். இந்தப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு, பை பாதி நிரம்பும்போதே தசை சுருங்கப் பார்க்குது.

ஆக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனாசின் மாதிரி மருந்துகள் இந்தப் பூட்டை அடைச்சுக்கும். சாவி நுழைய இடமில்லை, அவசரம் குறையுது. இதுல ஆக்ஸிபியூட்டினினுக்கு அமெரிக்காவில் 1975-லேயே அனுமதி கிடைச்சது.

சிக்கல் என்னன்னா, இதே பூட்டு உடம்பு முழுக்க இருக்கு. மஸ்கரினிக் ரிசெப்டார்ல M1 முதல் M5 வரை ஐந்து வகை. சிறுநீர்ப்பையைச் சுருக்குறது முக்கியமா M3. எச்சில் சுரப்பிகள்லயும் அதே M3 வேலை செய்யுது. அதனாலதான் வாய் வறளுது. வாய் வறண்டா தண்ணி குடிப்போம், குடிச்சா மறுபடியும் பாத்ரூம்! குடல்ல மலச்சிக்கல், கண்ணுல மங்கல் பார்வை வர்றதும் இதே காரணத்தாலதான். சில வகை கண் அழுத்த நோய் உள்ளவங்களும், சிறுநீரை முழுசா வெளியேற்ற முடியாதவங்களும் இந்த மாத்திரைகள்ல ரொம்ப கவனமா இருக்கணும்.

நமக்குத் தெரிஞ்ச உதாரணம் ஊமத்தை. அதுல இருக்கிற அட்ரோபின், ஸ்கோபோலமின் இதே பூட்டுகளைத்தான் அடைக்குது. ஊமத்தங்காய் தின்னவங்களுக்கு வாய் வறளும், கண்மணி விரியும், புத்தி தடுமாறும். மாத்திரையோட அளவு எங்கே, அந்த விஷம் எங்கே! ஆனா வழி ஒண்ணுதான்.

புத்தி தடுமாறுறதுதான் வயசானவங்க விஷயத்துல பெரிய கவலை. M1 வகைப் பூட்டு மூளையில ஞாபகத்தோட சம்பந்தப்பட்டது. ஆக்ஸிபியூட்டினின் கொழுப்புல கரையும், அதனால மூளைக்குள்ள சுலபமா போகும். டிராஸ்பியம்ங்கிற மருந்து மின்னூட்டம் உள்ளது, அது அவ்வளவா உள்ளே போகாது. 2015-ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, 65 வயசைத் தாண்டின 3,400-க்கும் மேற்பட்டவங்களைப் பல வருஷம் கவனிச்சது. அசிட்டைல்கோலினைத் தடுக்கிற மருந்துகளை அதிக அளவுல, நீண்ட காலம் எடுத்தவங்களுக்கு டிமென்ஷியா அதிகமா வந்திருந்தது. மருந்துதான் காரணம்னு இது நிரூபிக்கலை. ஆனா எச்சரிக்கையா இருக்க இது போதும்.

இன்னொண்ணு, இந்தச் சுமை கூடிக்கிட்டே போகும். சளி மாத்திரையில இருக்கிற குளோர்ஃபெனிரமின், நரம்பு வலிக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், இதெல்லாமும் அதே பூட்டை அடைக்கிறவைதான். ஞாபக மறதிக்குத் தர்ற டோனெபெசில் அசிட்டைல்கோலினைக் கூட்டும். ஒரு டாக்டர் அதை எழுதி, இன்னொரு டாக்டர் சிறுநீர் மாத்திரை எழுதினா, ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் ஒண்ணா மிதிச்ச கதைதான்.

மாற்று வழி உண்டு. காபி, டீயைக் குறைக்கிறது, இடுப்புத் தளத் தசைப் பயிற்சி, பாத்ரூம் போற இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமா நீட்டுறதுன்னு ஆரம்பிக்கலாம். மருந்துன்னா, 2012-ல அமெரிக்காவில் அனுமதி பெற்ற மிராபெக்ரான் இருக்கு. அது பீட்டா-3ங்கிற வேற ரிசெப்டாரைத் தூண்டி தசையைத் தளர்த்தும். ரத்த அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கணும்.

இதைக் கேட்டுட்டு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. வீட்ல பெரியவங்க சாப்பிடுற எல்லா மாத்திரையையும், மெடிக்கல்ல சும்மா வாங்கினது உட்பட, ஒரே தாள்ல எழுதுங்க. அதை டாக்டர்கிட்ட காட்டி, “இதுல எத்தனை ஒரே வேலையைச் செய்யுது?”ன்னு கேளுங்க. அதுக்கு முன்னாடி பாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. அவங்க தானா சொல்ல மாட்டாங்க.