இமயமலை இன்னும் முடியாத வேலை: பாட்டி வீட்டு சாளக்கிராமம் முதல் ஜோஷிமட் விரிசல் வரை

உங்கள் பாட்டி வீட்டுப் பூஜையறையில் ஒரு சாளக்கிராமம் இருந்திருக்கலாம். கறுப்பாக, வழவழவென்று, சில கற்களில் சக்கரம் போல ஒரு சுருளோடு. நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து வரும் கல் அது. அந்தச் சுருள், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற உயிரினத்தின் ஓடு பதிந்த அச்சு. கணவாய்க்கு ரொம்ப தூரத்துச் சொந்தம். (இதைப் பாட்டியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.)

கடலில் வாழ்ந்த ஒன்றின் ஓடு, கடற்கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, உலகின் மிக உயரமான மலைகளுக்கு நடுவே எப்படி வந்தது? சாளக்கிராமம் மட்டுமில்லை, 8,848.86 மீட்டர் உயரத்தில் இருக்கும் எவரெஸ்ட் உச்சிகூடக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான்.

பள்ளியில் இதற்கான பதிலைப் படித்திருக்கிறோம். 'புவி அகச்செயல்முறைகள்' ஒரு பாடம், 'புறச்செயல்முறைகள்' அடுத்த பாடம். உள்ளிருந்து வரும் விசை நிலத்தை உயர்த்தும். மழை, ஆறு, பனி, காற்று அதை அரிக்கும். ஐந்து மதிப்பெண் கேள்விக்காகத் தனித்தனியாக மனப்பாடம் செய்தோம். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இப்போதும் நடக்கின்றன என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. ஜோஷிமட்டில் வீடுகள் ஏன் பிளந்தன, டெல்லியில் ஃப்ளாட் வாங்குபவர் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஏன் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நகம் வளரும் வேகம்

இந்தியா ஒரு காலத்தில் அண்டார்டிகா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவோடு ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருநிலத்தின் துண்டு. அதிலிருந்து பிரிந்து, சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரையும் விட்டுவிட்டு வடக்கே கிளம்பியது. ஒரு கட்டத்தில் அதன் வேகம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்டியது. கண்டங்களின் கணக்கில் இது தலைதெறிக்கும் வேகம்.

இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல் இருந்தது. கடலடித் தட்டு கனமானது. ஆசியாவுக்கு அடியில் சறுக்கி உள்ளே போய்விட்டது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டமும் கண்டமும் மோதியபோதுதான் சிக்கல். கண்டத்தின் பாறை எடை குறைந்தது, அவ்வளவு எளிதில் மூழ்காது. முன்னாலும் போக முடியாமல், கீழேயும் போக முடியாமல் நிலம் மடிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. டெதிஸ் கடலின் தரையில் இருந்த சேறும் அம்மோனைட்டும் அந்த மடிப்போடு சேர்ந்து மேலே வந்தன.

இந்த மோதல் முடிந்துபோன கதை என்று நினைத்தால் தவறு. இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. நகர்கிறது. கிட்டத்தட்ட உங்கள் கைவிரல் நகம் வளரும் வேகம். இதில் சுமார் 2 செ.மீ. இமயமலையில் மட்டும் ஈடுகட்டப்பட வேண்டும். ஆனால் மலைக்கு அடியில் இரண்டு தட்டுகளும் உரசும் பரப்பு பூட்டிக்கொண்டு நிற்கிறது. வருஷா வருஷம் இந்த 2 செ.மீ. அங்கே கடனாகச் சேர்கிறது. நூறு ஆண்டில் 2 மீட்டர். ஐந்நூறு ஆண்டில் 10 மீட்டர். ஒருநாள் பூட்டு விடுபட்டு, சேர்ந்த தூரம் ஒரு நிமிஷத்தில் கடக்கப்படுகிறது. அதற்குத்தான் நிலநடுக்கம் என்று பெயர்.

1905-ல் காங்ரா, 1934-ல் பீகார்-நேபாளம், 1950-ல் அசாம் (ரிக்டர் கணக்கில் 8.6, அதுவும் ஆகஸ்ட் 15 அன்று), 2015-ல் நேபாளத்தின் கூர்க்கா. எல்லாம் இந்தக் கடன் வசூல்தான். 2015 ஏப்ரல் 25 அன்று காத்மாண்டு நகரமே சில வினாடிகளில் சுமார் ஒரு மீட்டர் மேலே எழுந்தது.

'சின்னச் சின்னதா வந்தா நல்லதுதானே?'

டெல்லியில் ஃபேன் ஆடும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஒருவர் இதைச் சொல்வார்: சிறு நடுக்கங்கள் வந்தால் அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும், பெரிசு வராது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. கணக்கு ஒத்துவரவில்லை.

நிலநடுக்க அளவு ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. அதாவது 8 அளவுள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றலைத் தீர்க்க, 6 அளவுள்ள நடுக்கங்கள் ஆயிரம் வர வேண்டும். உத்தராகண்டில் 1991-ல் உத்தரகாசியிலும் 1999-ல் சமோலியிலும் வந்தவை 7-க்கும் குறைவு. நூற்றுக்கணக்கானோர் இறந்த துயரங்கள் அவை. ஆனாலும் சேர்ந்திருக்கும் கடனில் வட்டிக்குக்கூடக் காணாது. காங்ராவுக்கும் காத்மாண்டுவுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியைப் புவியியலாளர்கள் கவலையோடு பார்ப்பதற்குக் காரணம் இதுதான். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. தேதி போட்டுச் சொல்லும் யூடியூப் வீடியோக்களை மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

மலையில் சமதளம் எங்கிருந்து வந்தது?

இப்போது அடுத்த பாடத்துக்கு வருவோம். இமயமலை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்கிறது. 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, ஒரு கோடி ஆண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 கிலோமீட்டர் உயரம். எவரெஸ்ட் 9 கிலோமீட்டர்கூட இல்லை. மீதி எங்கே? பெரும்பாலும் அரிக்கப்பட்டுவிட்டது. சாளக்கிராமம் தரும் காளி கண்டகியையே பாருங்கள்: 8,000 மீட்டரைத் தாண்டிய தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே, சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் ஐந்தரை கிலோமீட்டர் சுவர். மலை உயர உயர, ஆறு வெட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆறு அடியை வெட்டினால் சரிவு செங்குத்தாகும். செங்குத்தானால் சரியும். ஆக, இமயமலையில் நிலச்சரிவு என்பது விபத்து இல்லை. மலையின் அன்றாட வேலை. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலி மாவட்டத்தில் மழையே இல்லாத காலை நேரத்தில், சுமார் 2.7 கோடி கன மீட்டர் பாறையும் பனியும் ரோந்தி சிகரத்திலிருந்து பெயர்ந்து விழுந்தன. விழுந்த வேகத்தில் பனி உருகி, அதுவே வெள்ளமாக மாறி, கீழே இரண்டு நீர்மின் திட்டங்களை அடித்துக்கொண்டு போனது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர்.

இங்கேதான் ஒரு விசித்திரம். இப்படிச் செங்குத்தான மலையில் மனிதர்கள் எங்கே ஊர் அமைப்பார்கள்? கொஞ்சம் சமமாக, மண் ஆழமாக, ஊற்றுத் தண்ணீர் கிடைக்கும் இடத்தில். அப்படிப்பட்ட இடம் மலையில் பெரும்பாலும் இரண்டு வகைதான்: ஆறு விட்டுச்சென்ற மேடு, அல்லது பழைய நிலச்சரிவின் குவியல். விவசாயத்துக்கும் வீட்டுக்கும் வசதியான இடமே, ஏற்கெனவே ஒருமுறை சரிந்து வந்த இடமாக இருக்கிறது.

ஜோஷிமட் அப்படி ஒரு குவியலின் மேல் இருக்கும் ஊர். பத்ரிநாத் போகிறவர்களுக்கு வாசல். ஆழ்வார்கள் பாடிய திருப்பிரிதி இதுதான் என்று வைணவர்கள் கருதுவதால், 108 திவ்யதேச யாத்திரை போகும் தமிழர்களுக்கும் தெரிந்த பெயர். ஒரு சிற்றூராக இருந்தவரை அந்தக் குவியல் அதைத் தாங்கியது. பின்னர் பல மாடி விடுதிகள், அகலமான சாலைகள் வந்தன. கழிவுநீருக்குச் சரியான வடிகால் வரவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளின் தண்ணீர் தளர்ந்த மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிய புவியியல் பட்டம் தேவையில்லை.

தெரியாமல் நடந்ததும் இல்லை. 1976-லேயே, அப்போதைய கட்வால் ஆணையர் எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு எழுதிக் கொடுத்திருந்தது: இது பழைய நிலச்சரிவு மண், மண்ணின் உறுதியைச் சோதிக்காமல் கனமான கட்டுமானம் வேண்டாம், சரிவிலிருந்து பாறைகளைத் தோண்டியோ வெடிவைத்தோ எடுக்காதீர்கள், மரம் வெட்டாதீர்கள், வடிகாலைச் சரிசெய்யுங்கள். 47 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில், 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களில் விரிசல். 12 நாட்களில் ஊரின் ஒரு பகுதி 5.4 செ.மீ. இறங்கியதாக இஸ்ரோவின் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. இந்தியா நகர்வதற்கு ஒரு முழு வருஷம் எடுத்துக்கொள்ளும் தூரத்தைவிட அதிகம். அருகே தோண்டப்பட்ட நீர்மின் திட்டச் சுரங்கம்தான் காரணம் என்று ஊர் மக்கள் போராடினார்கள்; நிறுவனம் மறுத்தது. சுரங்கத்தின் பங்கு எவ்வளவு என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும், 1976 அறிக்கையைக் கிடப்பில் போட்டதற்கு மலையைக் குறைசொல்ல முடியாது.

அரித்த மண், உங்கள் ஃப்ளாட்டுக்கு அடியில்

கங்கையும் பிரம்மபுத்திராவும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 100 கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. 10 டன் லாரியில் ஏற்றினால் 10 கோடி லாரி. அதில் கடலுக்குப் போனது வங்கக்கடலின் அடியில் விசிறி போலப் பரவி, இலங்கையையும் தாண்டி 3,000 கிலோமீட்டர் வரை கிடக்கிறது. சென்னைக்குக் கிழக்கே ஆழ்கடலின் தரையில் இருப்பதும் பெருமளவு இமயமலைதான், பொடியாக.

கடலுக்குப் போகாமல் வழியில் தங்கியதுதான் பஞ்சாபிலிருந்து வங்காளம் வரையிலான சமவெளி. நாட்டுக்குச் சோறு போடும் மண். நிலநடுக்கம் வந்தால் அதே மண் வேறு முகம் காட்டும். கெட்டிப் பாறையில் சட்டென்று கடந்துவிடும் அதிர்வு, இளகிய வண்டலில் வேகம் குறைந்து, வீச்சு பெருகி, நீண்ட நேரம் ஆட்டும். 1934-ல் வடக்கு பீகாரில் மணல் திரவம் போலாகி, கட்டடங்கள் சாய்ந்து புதைந்தது இதனால்தான்.

டெல்லிக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. ரிட்ஜ் பகுதி ஆரவல்லியின் பழங்காலப் பாறை; யமுனைக்குக் கிழக்கே ஆழமான ஆற்று வண்டல். நொய்டாவுக்கோ கிழக்கு டெல்லிக்கோ வேலை மாறிப் போய், அங்கேயே ஃப்ளாட் பார்க்கிறீர்கள் என்றால், பில்டரிடம் கிளப் ஹவுஸைப் பற்றிக் கேட்பதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஐ.எஸ். 1893 தரப்படி நிலநடுக்கத்துக்காக வடிவமைத்திருக்கிறார்களா, அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கீழ்த்தளம் முழுக்கத் தூண்கள் மட்டும் நிற்கும் கார் பார்க்கிங்காக இருந்தால், அந்தத் தூண்களை எதற்காக வடிவமைத்தார்கள் என்று இன்னொரு முறை கேளுங்கள். 2001 ஜனவரி 26 அன்று புஜ் நிலநடுக்கத்தின்போது, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் இடிந்து விழுந்த அடுக்குமாடிகளில் பல, ஆற்று வண்டலின் மேல் அப்படிப்பட்ட தூண்களில் நின்றவை.