தோற்றுப்போன கதாநாயகன்

இரண்டாம் பாகம் என்றாலே எனக்குச் சந்தேகம். முதற்படம் நன்றாக ஓடிவிட்டால் அதே கதையை இன்னும் பெரிய வெடிச்சத்தத்தோடு திரும்ப எடுத்துவிடுவார்கள். ஆகவே சென்ற விடுமுறையில் நானா ‘த எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தைப் போட்டபோது அரைமனதோடுதான் உட்கார்ந்தேன். வாப்பா ஒரு மூலையில் பத்திரிகையோடு இருந்தார். படம் வெளிவந்தது 1980 இல். விஞ்ஞானப் புனைகதைப் படங்களில் மிகச் சிறந்த இரண்டாம் பாகம் இதுதான் என்று பலரும் சொல்வதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

1977 இல் வந்த முதலாவது ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில், லூக் என்ற பண்ணை வீட்டு இளைஞன் கொடிய பேரரசின் மாபெரும் போர் நிலையத்தைத் தகர்த்துப் பதக்கம் பெறுகிறான். நல்லவர் வென்றார், சுபம். அதையே திரும்பச் செய்திருந்தாலும் சனம் பார்த்திருக்கும். ஆனால் ஜோர்ஜ் லூக்காஸ் வங்கிக் கடன் வாங்கி, தன் சொந்தப் பொறுப்பில் எடுத்த இரண்டாம் படத்தில் அந்தக் கதாநாயகனைத் தோற்கடித்தார். இயக்கும் பொறுப்பையும் தான் வைத்துக்கொள்ளாமல் ஏர்வின் கேர்ஷ்னரிடம் கொடுத்தார்.

தமிழ்ப் பாடத்தில் நாடகத்தின் உச்சக்கட்டம் பற்றிப் படிக்கிறோம் அல்லவா? போர்க் கதைகளில் அது பெரும்பாலும் கடைசியில் வரும் பெரும் போர்தான். இங்கே பெரும் போர் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. நோர்வேயின் பனிமலைப் பகுதியில் படமாக்கிய காட்சிகள் அவை. யானைபோல நடந்துவரும் இராட்சத இயந்திரங்கள் கணினியால் செய்தவையல்ல. சிறிய மாதிரிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து, ஒவ்வொரு அசைவையும் தனித்தனியே படம்பிடித்திருக்கிறார்கள். நல்லவர்கள் தோற்று ஓடுகிறார்கள். அதன்பின் கதை பெருக்கவில்லை, சுருங்குகிறது. படைகள் போய், கடைசியில் ஒடுங்கிய பாலமொன்றில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சுகிறார்கள்.

நடுவில் ஓர் ஆசிரியர் வருகிறார். மாவீரர் ஒருவரைத் தேடிச் சதுப்பு நிலத்துக்கு வரும் லூக், இரண்டடி உயரமான, நீளக் காதுள்ள கிழட்டு உருவமொன்றைச் சந்திக்கிறான். அது அவனது சாப்பாட்டைக் கிளறுகிறது, சின்ன விளக்கொன்றுக்காகச் சண்டை பிடிக்கிறது. எரிச்சல்படுகிறான் லூக். அவர்தான் யோடா, அவன் தேடிவந்த குரு! பிராங்க் ஒஸ் என்பவர் இயக்கிய பாவை அது. ஐந்து நிமிடத்தில் பாவை என்பதே மறந்துவிடும். யோடா கற்பிக்கும் அந்தச் ‘சக்தி’ வெறும் கற்பனை. நமது நம்பிக்கையோடு ஒப்பிட்டு யாரும் குழம்ப வேண்டாம். நான் சொல்ல வந்தது லூக் என்ற மாணவனைப் பற்றி.

குகையொன்றுக்குள் போகும்போது ஆயுதம் வேண்டாம் என்கிறார் யோடா. அவன் கொண்டு போகிறான். உள்ளே எதிரி டார்த் வேடரின் உருவம் வருகிறது. வெட்டுகிறான். முகமூடி வெடித்து விலக, உள்ளே தெரிவது லூக்கின் சொந்த முகம். முதலில் அது வெறும் பயமுறுத்தல் என்றுதான் நினைத்தேன்.

நண்பர்கள் துன்பப்படுவது மனக்கண்ணில் தெரிந்ததும் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டுப் புறப்படுகிறான். பொறு என்று சொல்லியும் கேட்கவில்லை. உண்மையில் அவனைப் பிடிக்க வைத்த பொறியே அதுதான். போன இடத்தில் அவன் ஒருவரையும் காப்பாற்றவில்லை. நண்பன் ஹானை உறைய வைத்துக் கொண்டுபோய்விடுகிறார்கள். மற்றவர்கள் அவன் உதவியில்லாமலே தப்புகிறார்கள். அவனுடைய வலது கை வெட்டுப்படுகிறது. பிறகு வேடர் சொல்கிறான், தானே அவனுடைய தகப்பன் என்று.

இந்த இரகசியத்தைக் காக்கப் படப்பிடிப்பில் வேடரின் உடையணிந்த நடிகருக்கு வேறொரு பொய் வசனத்தையே கொடுத்திருந்தார்கள். லூக்காக நடித்த மார்க் ஹமிலுக்கு உண்மையைக் காட்சிக்குச் சற்று முன்புதான் சொன்னார்கள். நாம் கேட்கும் குரல் பின்னர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் பேசியது.

ஆனால் அதிர்ச்சி ஒரு தடவைதான் வேலை செய்யும். எனக்கு அந்த இரகசியம் முன்பே தெரியும், உலகத்துக்கே தெரியும். அப்படியிருந்தும் நெஞ்சு பதறியது. குகையில் கண்ட முகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எதிரியை வெல்வது எப்படி என்று ஓடிய கதை, நான் யார் என்ற கேள்வியில் வந்து நிற்கிறது. என்னோடு சேர் என்று கை நீட்டுகிறான் தகப்பன். லூக் பிடியை விட்டுக் கீழே பாதாளத்தில் விழுகிறான். என் பார்வையில் படம் முழுவதிலும் அவனுக்குக் கிடைக்கும் ஒரே வெற்றி அந்த விழுதல்தான். கீழே தொங்கிக்கொண்டிருப்பவனின் அழைப்பை உணர்ந்து, தப்பிய கப்பலைத் திருப்பச் சொல்பவள் லெயா. காப்பாற்றப் போனவனை அவள் காப்பாற்றுகிறாள்.

திரைக்கதையின் முதற்பிரதியை எழுதியவரும் ஒரு பெண், லீ பிரக்கற் என்ற விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர். 1978 இல், அதைக் கையளித்த சில வாரங்களில் காலமானார். அவருடைய பிரதியில் லூக்கின் தகப்பன் ஆவியாக வருகிறார். வேடர் வேறு ஆள். திருப்பம் பின்னர் லூக்காஸ் சேர்த்தது. லோரன்ஸ் கஸ்டன் எழுதி முடித்தார்.

குறை இல்லாத படமல்ல. லூக் எத்தனை நாள் பயிற்சி பெற்றான் என்று கணக்குப் போட்டால் இடிக்கும். நானாவிடம் கேட்டேன், கோபம்தான் வந்தது. வெளிவந்த காலத்தில் நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர் உட்படச் சிலருக்குப் படம் பிடிக்கவேயில்லை. 2010 இல் அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகம் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

கடைசிக் காட்சியில் லூக் இயந்திரக் கையோடு, லெயா பக்கத்தில் நிற்க, கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. வாப்பாவின் பத்திரிகை எப்போதோ மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“அப்ப அந்த உறைஞ்ச பொடியனுக்கு என்ன நடந்த?” என்று கேட்டார்.

மூன்றாம் பாகத்தில்தான் தெரியும் என்றார் நானா. 1980 இல் பார்த்தவர்கள் அதற்கு 1983 வரை காத்திருந்தார்களாம். வாப்பா மணிக்கூட்டைப் பார்த்தார்.

“இஷா தொழுதிட்டு வாறன். அதையும் போடு மகன்.”