துருவும் கதவுத்தாழும்

வலிமைக்கு இரும்பை உவமை கூறுவது மக்கள் வழக்கம். ஆயினும், அவ்வலிய இரும்பையும் காற்றும் நீரும் கூடி மெல்ல மெல்ல அழித்துவிடுகின்றன. அவ்வழிவின் பெயரே துரு.

இரும்பும் நீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் கூடுமிடத்துத் துரு தோன்றும். உப்பும் சேருமாயின் அது விரைந்து பரவும். அலுமினியத்தின்மேல் தோன்றும் படலம் அதனை இறுகப் பற்றிக்கொண்டு கவசம்போல் காக்கின்றது. இரும்பின் துருவோ அத்தகையதன்று. தான் தின்ற இரும்பைக் காட்டிலும் மிகுதியான இடத்தை அது கொள்வதால், மேற்பூச்சைக் கொப்புளம்போல் உப்பச் செய்து, பொருக்குப் பொருக்காய் உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய இரும்பு வெளிப்படும். அதனையும் துரு பற்றும்.

மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரை செய்யப்பெற்ற அம்பாசிடர் என்னும் மோட்டார் வண்டியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் இவ்வண்டியை இன்றும் பேணி வருவோர் உளர். இதன் கதவைத் திறந்தால், கதவின் ஓரத்தில் தாழும், எதிரேயுள்ள தூணில் அத்தாழைப் பற்றிக்கொள்ளும் தகடும் காணப்படும். துருவுக்கு உகந்த இடங்களுள் இதுவும் ஒன்று. கதவைச் சாத்துந்தோறும் ஏற்படும் அதிர்ச்சியால் திருகாணிகளைச் சுற்றிலும் பூச்சு வெடிக்கின்றது. கண்ணாடி வழியே வழியும் மழைநீர் கதவினுள் இறங்கி, அடியிலுள்ள சிறு துளைகளின் வழியாக வெளியேற வேண்டும். புழுதியும் சருகும் அத்துளைகளை அடைத்துக்கொண்டால், நீர் உள்ளேயே தேங்கும். தகடுகள் இரண்டாக மடிந்த இடங்களில் ஈரம் புலர்வதே இல்லை.

இத்துருவைச் சிறிதென்று எண்ணுதல் தகாது. இவ்வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் இல்லை. தகட்டு உடலே சுமையையும் தாங்குகின்றது. அத்தகட்டின் கனமோ ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே. ஓடும் வண்டியின் கதவு திறந்துகொள்ளாமல் காப்பது தாழாகும். தாழைத் தாங்கும் தகடு பொடியாகிவிட்டால், தாழ் எத்துணை உறுதியுடையதாயினும் பயன் என்ன? உள்ளிருப்பவர் உயிருக்கே இடர் நேரலாம்.

சிலர் துருவின்மேல் ‘பட்டி’ எனப்படும் பசையை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசிவிடுவர். காண்பவர்க்கு அது புதியதுபோல் தோன்றும். ஆனால், பட்டி திருகாணியைத் தாங்காது. அதனடியில் துருவும் ஓயாது. துளை மறைதல் வேறு. துரு நீங்குதல் வேறு.

தொழிலறிந்தோர் முதற்கண் நோயின் அளவை ஆராய்வர். பற்றுத்தகடு இருந்த நிலையைக் கோடிட்டுக் குறித்துக்கொண்டு, அதனையும் தாழையும் கழற்றுவர். கூரிய கருவியால் தகட்டைக் குத்திக் குத்திப் பார்த்து, நல்லிரும்பு தொடங்கும் எல்லையைக் காண்பர். மேலே உள்ள கறை ஓர் அங்குலமாயின், உள்ளே அரிப்பு மூன்று அங்குலம் பரவியிருத்தலும் உண்டு. அரித்த பகுதியை அஞ்சாது வெட்டியெடுப்பர். ஏனெனில், எஞ்சிய துரு மீண்டும் பரவும்.

பின்னர், அட்டையில் அளவு வெட்டி, அவ்வடிவில் அதே கனமுள்ள எஃகுத் தகட்டை அமைப்பர். நெருப்பு வேலைக்கு முன்னர் மின்கல இணைப்பை நீக்கி, மெத்தைகளை அப்புறப்படுத்துவர். தொடர்ந்து சூடேற்றினால் தகடு நெளியுமாதலின், புள்ளி புள்ளியாக, இடையிடையே ஆறவிட்டுப் பற்றவைப்பர். பற்றவைத்த இடத்தை அராவிச் சமன் செய்து, ஒட்டியிருக்கும் சிறு துருவைப் பாஸ்பாரிக் அமிலத்தால் மாற்றி, துத்தநாகம் கலந்த முதற்பூச்சிடுவர். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். இறுதியில் வண்ணம் பூசி, கதவின் உட்புறத்தில் மெழுகு தெளிப்பர்.

இவ்வளவில் பணி முற்றுப்பெறாது. துரு வந்த காரணமும் நீங்குதல் வேண்டும். அடைபட்ட நீர்த்துளைகளைக் கம்பியால் திறத்தல் வேண்டும். கீல் தேய்ந்து கதவு தாழ்ந்திருப்பின், தாழ் பற்றுத்தகட்டை இடித்துப் பூச்சை மீண்டும் பெயர்க்கும். ஆதலின் கீலையும் செப்பனிடுதல் வேண்டும். பின் பற்றுத்தகட்டைப் பழைய கோட்டில் பொருத்தி, சிறிது சிறிதாய் நகர்த்தி இறுக்குவர். மெல்லத் தள்ளிய அளவில் கதவு அமைதியாகப் பொருந்துமாயின் வேலை செவ்விது எனலாம்.

இப்பணியிற் பெரும்பகுதி வண்ணத்தின் அடியிலும் தகட்டின் பின்புறத்திலும் மறைந்தே நிற்பது. அதனைக் கண்டு பாராட்டுவார் இலர். ஆயினும், கதவருகே அமர்ந்து அச்சமின்றி உறங்கிச் செல்லும் சிறுவனைக் காத்து நிற்பது அம்மறைந்த வேலையே அன்றோ!