கடல் தாண்டிய கடைவீதி – 9: பெட்டி முழுசு, உள்ளே பொடி

போன வாரம் சுங்க வரியோடு நிறுத்தியிருந்தோம். வரியையும் கட்டியாயிற்று, பார்சலும் வாசலுக்கு வந்துவிட்டது. திறந்தால் உள்ளே உடைசல். முதல் கோபம் கொண்டுவந்த டெலிவரி பையன் மீதுதான் பாயும். அவரை விட்டுவிடுங்கள். கூரியரிடம் பணம் கட்டி ரசீது வாங்கியவர் விற்றவர். ஒப்பந்தம் அவர்கள் இருவருக்குள். தபாலிலும் அதே கதைதான். உலக அஞ்சல் ஒன்றிய விதிகளின்படி நஷ்ட ஈட்டு உரிமை அனுப்பியவருக்கு. அவர் எழுத்தில் விட்டுக்கொடுத்தால்தான் அது நம் கைக்கு வரும். ஆகவே நாம் பிடிக்க வேண்டிய சட்டை விற்றவருடையது.

மதுரை நண்பர் ஒருவர் ஜப்பானிலிருந்து பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். பெட்டியில் ஒரு கீறல் இல்லை. உள்ளே மேல்மூடி மூன்று துண்டாகக் கிடந்தது, முள் தாங்கும் கை வளைந்திருந்தது. காரணம் பார்த்தவுடன் தெரிந்தது. இசைத்தட்டு உட்காரும் அலுமினியத் தட்டைக் கழற்றாமலேயே அனுப்பியிருந்தார்கள். ஒன்றரை, இரண்டு கிலோ கனமுள்ள தட்டு, பெட்டி புரளும்போதெல்லாம் துள்ளித் துள்ளி மூடியில் மோதியிருக்கிறது. தட்டைத் தனியாகச் சுற்றி, கையைக் கட்டி, மூடியைக் கழற்றி வேறாக வைப்பதுதான் முறை. வெளியே மூன்று சுற்று பபிள் ஷீட் சுற்றியதில் ஒரு புண்ணியமும் இல்லை.

பெட்டி புரளாது என்று யாரும் நம்ப வேண்டாம். பேக்கிங் சோதனைக்கு இஸ்டா என்றொரு அமைப்பு முறை வகுத்திருக்கிறது. அதன் எளிய சோதனையிலேயே ஒன்பது கிலோ வரையிலான பெட்டியைச் சுமார் 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுகிறார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம். மேஜையிலிருந்து விழுவது வழியில் சகஜம் என்று அந்தத் துறையே ஒப்புக்கொள்கிறது. கண்ணாடிக் கோப்பைப் படம் ஒட்டினால் பத்திரமாக வரும் என்பதும் வீண் நம்பிக்கை. கன்வேயர் பெல்ட்டுக்குத் தெரிவது பார்கோடு மட்டும்.

பெட்டி முழுசாக இருக்கிறது என்பதே கூரியருக்கு வசதி. பேக்கிங் சரியில்லை என்று ஒரே வரியில் கைகழுவலாம். விமானச் சரக்குக்கான 1999 மாண்ட்ரியல் ஒப்பந்தமே அந்த விலக்கைக் கொடுக்கிறது; 2009 முதல் இந்தியாவும் அதில் உண்டு. கூரியர் மீதே தவறு என்றாலும் ஈடு விலையைப் பார்த்து வராது, எடையைப் பார்த்து வரும். உச்சவரம்பு இப்போது கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஏறக்குறைய 3,000 ரூபாய். முந்நூறு கிராம் கேமரா லென்ஸ் நாற்பதாயிரத்துக்கு வாங்கியிருந்தாலும் ஆயிரம் ரூபாய் தேறாது. கூரியர் ரசீதில் அச்சிட்டிருக்கும் நூறு டாலர் வரம்பு, கையெழுத்திட்டவரைக் கட்டும் என்று 1996-இல் பாரதி நிட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இருந்தாலும் 14 நாளுக்குள் எழுத்தில் ஒரு புகார் போட்டுவையுங்கள். விற்றவர் கேட்கும்போது காட்ட உதவும்.

விற்றவரிடம் போகுமுன் படங்கள் வேண்டும். பிரிக்காத பெட்டியின் ஆறு பக்கம், முகவரிச் சீட்டு, திறந்ததும் பொருள் கிடந்த கிடை, சுற்றியிருந்த தாள். அட்டையையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஓடுகிறதா பார்ப்போம் என்று கரண்டில் செருகவும் கூடாது. ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230. புகைந்துவிட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள்.

விற்றவரின் பதில் பெரும்பாலும் இனிக்க இனிக்க வரும்: “உங்கள் ஊர் தபால் அலுவலகத்தில் விசாரியுங்கள், நான் காத்திருக்கிறேன்.” இதில் மாட்டக் கூடாது. ஈபேயில் பொருள் வந்து 30 நாளுக்குள் முறையிட வேண்டும். பேபாலில் பணம் கட்டியதிலிருந்து 180 நாள். ‘விவரித்தபடி இல்லை’ என்ற பிரிவில் உடனே கேஸ் திறந்துவிட்டு, பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். “கேஸை மூடுங்கள், பணம் அனுப்புகிறேன்” என்றால் பணம் வந்தபின் மூடுங்கள். பேபாலில் மூடிய கேஸ் மறுபடி திறக்காது. நண்பர் பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டார். மூடியும் கையும் இங்கேயே தேடிப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. என்னைக் கேட்டால் முழுத் தொகைக்கே நின்றிருப்பேன்.

முழுத் தொகை கேட்டால் பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். ஈபேயில் அந்தச் செலவு விற்றவருடையது, சரி. நாம் கட்டிய சுங்க வரி? சுங்கச் சட்டம் 74-ஆம் பிரிவில், இறக்குமதியான பொருளை இரண்டு ஆண்டுக்குள் திருப்பி ஏற்றினால் வரியில் 98 சதவீதம் வரை திரும்பப் பெற வழி இருக்கிறது. உபயோகித்த பொருளென்றால் குறையும். ஆனால் போவது வந்த அதே பொருள்தான் என்று சுங்க அதிகாரி திருப்திப்பட வேண்டும். ஆகவே வரி ரசீதோடு, அனுப்புவதற்கு முன்பே அவர்களிடம் போக வேண்டும். சாதாரணப் பார்சலாகத் தபாலில் சேர்த்துவிட்டு, பிறகு போய்க் கேட்டால் காலணாகூடத் திரும்பாது.